முன்னால் நுழைந்த மூன்றாவது எண்

அடையாறு கம்ப்யூட்டர் சென்டரில் இன்று என் புரோகிராம், ஆற்றில் வெள்ளம் என்றது. ஜன்னலுக்கு வெளியே அதே ஆற்றில் எருமைகள் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தன.

நாங்கள் எல்லோரும் எங்கள் புரோகிராம்களிலிருந்து கூப்பிடும் பொதுத் துணைப் புரோகிராமான சப்ரூட்டீன், மழையளவு, பரப்பளவு என்று இரண்டு எண்களை வாங்கும். சக ஊழியர் ரங்கராஜன் யாரிடமும் சொல்லாமல், தமக்கு வேண்டிய மூன்றாவதை முதல் இடத்தில் நுழைத்துவிட்டார். எங்கள் எண்களெல்லாம் இடம் மாறிப்போயின.

"புதுப் பேர்ல தனியா எழுதியிருக்கப்படாதா ஓய்?" என்றேன்.

"எதுக்கு? எல்லாரும் புரோகிராம் கார்டை மறுபடி பஞ்ச் பண்ணிண்டா ஆச்சு!"

தம் கார்டுகளை மட்டும் நேற்றே மாற்றிவிட்டாராம். சீ!

பழைய சப்ரூட்டீனைத் திரும்ப வைத்துவிட்டேன். அவருடையதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். ஃபோர்ட்ரான் மொழியில் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் கூடாது.

அதற்குள் அடங்கும் நல்ல வசவு இருந்தால் சொல்லுங்கள்.