யார் கட்சிக்காரர் என்று கேட்காத விருந்து

சாங்ஹுவா ரயில் நிலையத்துக்குப் பின்னால், இறைச்சி உருண்டைக் கடையின் மாடியில் எங்கள் வக்கீல் அலுவலகம். யூ பெய்லிங் மேடம் தொடங்கியது. பிறகு காவ் சேர்ந்தான், கடைசியாக நான். கோடையில் கீழேயிருந்து எண்ணெய் வாசனை ஏறிவந்து கோப்புகளில் தங்கிவிடும். எங்கள் மனுவைப் பிரித்தாலே நீதிபதிக்குப் பசியெடுக்கிறது என்று காவ் சொல்லிக்கொண்டு திரிவான்.

பெய்லிங் முதலில் பார்த்தது வரி வழக்குகள். அவரை வேறு பக்கம் திருப்பியது அவருடைய அக்கா பெய்ஷானுக்கு நேர்ந்த ஒரு துக்கம். எதிர்ச் சந்தில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் பெய்ஷானுக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. அவர் கடைக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளில் பால்மாவுக் கம்பெனியிலிருந்து தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. பெய்ஷான் தொலைபேசியைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்த மருத்துவமனைதான் எண்களை விற்பனைக்காரர்களுக்குக் கொடுத்திருந்தது என்று பெய்லிங் கண்டுபிடித்து வழக்குப் போட்டார். வெறும் பெயரும் தொலைபேசி எண்ணும்தான் கொடுத்தோம், வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கொடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் நீளமாக வாதாடினார். பெய்லிங் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“இந்த நம்பரை எந்தப் பதிவேட்டுலேர்ந்து எடுத்தீங்க? பிரசவப் பதிவேட்டுலேர்ந்து. அப்போ நீங்க குடுத்தது நம்பர் இல்லைங்க, எங்க அக்காவோட வயித்தைக் குடுத்திருக்கீங்க.”

வழக்கு ஜெயித்தது. மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படியில் வேறு மாதிரி ஆட்கள் ஏறி வரத் தொடங்கினார்கள். மனநல மருத்துவரிடம் போனதை முதலாளி தெரிந்துகொண்டு வேலையை விட்டு அனுப்பியவர்கள், நடையை எண்ணும் கைக்கடிகாரம் சேர்த்த தகவலால் காப்பீடு மறுக்கப்பட்டவர்கள். யார், எவர் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே பெயரோடு வருகிறவர்கள், தாங்களே சொல்லச் சொன்னவர்கள்.

அப்புறம் மருத்துவமனைகளே வந்தன. டாக்டர் ஷி என்பவர் ஒரு பழைய வழக்கில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஆராய்ச்சி செய்யவேண்டும், தப்பில்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்டு வந்தார். பெய்லிங் அவருடைய சம்மதத் தாளை வாங்கி, ‘வேண்டாம்’ என்ற கட்டத்தை ‘சரி’ என்ற கட்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினார். இப்படிப் போட்டால் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடமாட்டார் என்று டாக்டர் சண்டை பிடித்தார். முன்னைவிட அதிகம் பேர் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல இடமிருந்தால் மனிதர்களுக்குத் தைரியமாகச் சரி சொல்ல வருகிறது என்று டாக்டரே பிறகு மற்ற மருத்துவமனைகளுக்குப் போய்ப் பேசினார்.

போன வருஷம் காவ் ஒரு யோசனையோடு வந்தான். ஹாங்காங்கில் ஒரு சட்டப் பத்திரிகை ஒவ்வொரு துறையிலும் சிறந்த வக்கீல் அலுவலகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிடும். மருத்துவத் தகவல் சட்டத்துக்கு அந்த வருஷம்தான் தனிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். நாம் விண்ணப்பிக்கலாம், கட்சிக்காரர்கள் சிலருடைய பெயரும் எண்ணும் கொடுத்தால் போதும், அவர்களே அழைத்து விசாரிப்பார்கள் என்றான்.

பெய்லிங் முடியாது என்றார். எங்கள் கட்சிக்காரர் என்று தெரிந்தாலே அவருக்கு மறைக்கவேண்டிய வியாதி ஏதோ இருக்கிறது என்று தெரிந்துபோகும் என்றார். அப்படியானால் அவர்களையே கேட்டுப் பார்க்கலாமே என்றான் காவ்.

“நம்மளால ஒரு நல்லது நடந்திருக்கு அவங்களுக்கு. நாம போய்க் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்லுவாங்க? மாட்டேன்னு சொல்ல முடியாதவங்ககிட்ட வாங்குறது சம்மதமா?”

“அப்போ பேய்ங்கதான் நம்ம கட்சிக்காரங்கன்னு எழுதி அனுப்பவா, மேடம்?”

“எழுது. பேய்க்கும் ரகசியம் உண்டு.”

கட்சிக்காரர் பகுதியைக் காலியாகவே விட்டு, ஏன் காலி என்று ஒரு பக்கத்தில் விளக்கி அனுப்பினோம். விசாரிக்க ஆள் இல்லாமல் பரிசீலிக்க முடியாது என்று பத்திரிகையிலிருந்து பணிவான பதில் வந்தது. பெய்லிங் தோளைக் குலுக்கிவிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போய்விட்டார். காவ் சோகத்தோடு முடி வெட்டிக்கொள்ளப் போனான். போன இடம் பெய்ஷான் கடை.

நடந்ததைக் கேட்ட பெய்ஷான் கத்தரியைக் கீழே வைத்தார். பாதி வெட்டிய தலையோடு காவ் உட்கார்ந்திருக்க, அவனிடமே எண்ணை வாங்கி ஹாங்காங்குக்கு அழைத்தார்.

“நான் அவளோட முதல் கட்சிக்காரி. எனக்கு நடந்ததை நான் சொல்றேன். என் வயிறு, என் வாய். இதை எந்தச் சட்டத்துல அவ தடுப்பான்னு பாக்குறேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். பால்மாவு அழைப்புகளையும், துண்டில் சுற்றிய தொலைபேசியையும், தங்கை நீதிமன்றத்தில் கேட்ட கேள்வியையும். குரல் ஒரே ஒருமுறை தடுமாறியது. அவர் தொலைபேசியை வைத்ததும், தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த லாய் அக்கா, கோயில் வாசலில் பூ விற்பவர், அந்த எண்ணைத் தனக்கும் கொடு என்றார்.

“உனக்கு எதுக்கு?”

“எதுக்கா? நானும்தான்.”

நாற்காலியில் தூங்குவதுபோல் இருந்த கே மாமா, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், கண்ணைத் திறந்தார். “அன்னிக்கு அந்தப் படியில இறங்கினியே. இறைச்சி உருண்டை வாங்க வந்தேன்னு சொன்னே.”

“நீங்க மட்டும்? நீங்களும் அதையேதான் சொன்னீங்க.”

பல வருஷமாக ஒரே கடையில் தலையைக் கொடுத்துக்கொண்டு, ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து வைத்திருந்தது ஒரே மாடிப்படியை. கே மாமா சிரித்த சிரிப்பில் கழுத்துத் துணி அவிழ்ந்து விழுந்தது. அன்று மாலைக்குள் அந்த இருவரும் பேசிவிட்டார்கள். பிறகு வேறு யாரெல்லாம் அழைத்தார்களோ, எங்களுக்குத் தெரியாது, பத்திரிகையும் சொல்லவில்லை. இந்தத் துறையில் தாங்கள் விசாரித்த எந்த அலுவலகத்துக்கும் இப்படி ஆட்கள் தாமாக அழைத்ததில்லை என்று மட்டும் அவர்கள் எழுதினார்கள். தைபேயின் பெரிய கட்டடங்களில் இருக்கும் அலுவலகங்களோடு எங்கள் பெயரும் பட்டியலின் முதல் வரிசையில் வந்தது. பெய்லிங் அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். அக்காவைப் பார்க்க எதிர்ச் சந்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விருந்து வைக்கவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பெய்லிங்குக்கு மறுபடியும் அதே கவலை: அந்த மேசையில் யாரைப் பார்த்தாலும் ஊர் கணக்குப் போட்டுவிடும். பெய்ஷான்தான் வழி சொன்னார். தன் கடைக்கு இருபது வருஷம் ஆகிறது, சந்து முழுவதையும் அழைப்போம், கூட்டத்தில் யார் எதற்கு வந்தார்கள் என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடிப்பான் என்றார்.

சந்தில் கூடாரம் போட்டு, சிவப்பு மேசைவிரிப்பு விரித்து, சமையல்காரர் நடுத்தெருவில் அடுப்பு மூட்டினார். நண்டு வைத்த, பிசுபிசுவென்று ஒட்டும் அரிசிச் சோறு, முழு மீன், கோழி சூப். முடி வெட்டிக்கொள்பவர்கள், இறைச்சி உருண்டைக் கடைக்காரர் குடும்பம், கோயில் மேளக்காரர்கள், நான் அதுவரை பார்த்தே இராத சிலர். டாக்டர் ஷி வந்து ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பழைய காதல் பாட்டுகளைச் சுருதி சேராமல் பாடினார். கே மாமா கெஞ்சிக் கேட்டும் நிறுத்தவில்லை.

பெய்லிங்கைப் பேசச் சொன்னார்கள். கோப்பையோடு எழுந்தார். யாருக்கு நன்றி சொல்வார்? யார் பக்கமும் திரும்பாமல், மேலே கூடாரத் துணியைப் பார்த்தபடி சொன்னார்:

“எங்க அக்கா கடைக்கு இருபது வருஷம் ஆச்சு. அதுக்காக இங்க வந்த எல்லாருக்கும் நன்றி. வேற எதுக்காகவாவது வந்திருந்தா, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா நன்றி.”

எல்லா மேசையிலும் கோப்பைகள் உயர்ந்தன. ஒரு மேசைகூட மற்றதைவிடச் சீக்கிரமாகவோ உயரமாகவோ தூக்கவில்லை. லாய் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே காவின் தட்டில் இன்னொரு நண்டுக் காலை வைத்தார். மீந்த சோற்றைப் பைகளில் கட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும், அக்காவும் தங்கையும் காலி மேசையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சமையல்காரரோடு மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.