அப்பா பூசிய மஞ்சள்

பச்சை வேப்பமரம் கிளையோடு பிய்ந்தால் ஒரு கசப்பு வாசனை வரும். நாட்டு மருந்துக் கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்தது போன்ற வாசனை. காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் போகிற சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்துக் கார்த்திகைப் புயலுக்கு மறுநாள் காலையில் கண் விழித்தபோது, வீடு முழுக்க அந்த வாசனைதான் நிறைந்திருந்தது. வேப்ப வாசனை உடம்புக்கு நல்லது என்று யாராவது இன்றைக்கு என்னிடம் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த வாசனையில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஓட்டு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு சந்து உண்டு. சந்தின் வாயில் நின்றிருந்த வேப்பமரம் புயலில் வேரோடு பாதி கிளம்பி, எங்கள் பின்னறைக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. ஓடுகள் நொறுங்கி, விட்டம் விரிசல் விட்டு, சுவர் உள்பக்கமாகப் பிதுங்கி நின்றது. இன்னொரு காற்று அடித்தால் மரமும் சுவரும் சேர்ந்தே வரும் என்பது சின்னப் பிள்ளையான எனக்கே தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பாயும் பாத்திரமுமாக எதிர்வீட்டு நெசவுக்காரர் பச்சையப்பன் மாமாவின் தறிக்கூடத்துக்குக் குடிபோனோம். வானம் விட்ட பாடில்லை, வடகிழக்கில் மேகம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

மரத்தை அன்று காலையிலேயே வெட்டி இறக்கியிருக்கலாம். முசரவாக்கத்திலிருந்து மரம் வெட்டுகிற கன்னியப்பனும் அவர் தம்பியும் கயிறு, கோடரி, இழுப்பு வாளோடு வந்து இறங்கினார்கள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். அடிமரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியையும், மஞ்சளையும், குங்குமத்தையும், நட்டிருந்த சூலத்தையும் பார்த்தார்கள். அவ்வளவுதான், காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அம்மன் உத்தரவு இல்லாம கோடாலி வெக்க மாட்டோம்பா" என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

இங்கேதான் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பா ஆட்டோ ஓட்டினார். தாமல், வாலாஜாபாத் என்று சவாரி போய்விட்டுக் களைத்து வந்து வீட்டுக்குள் படுத்தால், சந்திலிருந்து மூத்திர நாற்றம் மூக்கைத் துளைக்கும். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எங்கள் சுவரைத்தான் தேடி வருவான். அப்பா கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், சுவரில் கரியால் எழுதியும் பார்த்தார். எழுதிய எழுத்தின் மேலேயே போனார்கள். கடைசியில் நான் பிறப்பதற்கு முன்பு ஒரு விடியற்காலையில், அம்மாவுக்கு மட்டும் தெரிய, வேப்பமரத்தின் அடியில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்து, அம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு சந்து சுத்தமாயிற்று. அப்பாவுக்குத் தன் மூளையைப் பற்றி ஏகப் பெருமை.

ஆனால் தெரு அதோடு விடவில்லை. யாரோ சூலம் நட்டார்கள். யாரோ வளையல் கட்டினார்கள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றினார்கள். நெசவு வீடுகளில் தறியிலிருந்து சேலை அறுத்ததும் கடைக்குக் கொண்டுபோகும் முன் மரத்தடியில் ஒரு நிமிடம் வைத்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. பாவில் மிஞ்சிய பட்டு இழைகளைக் கிளையில் முடிந்துவிட்டுப் போவார்கள். நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது அது "சந்தம்மா" ஆகியிருந்தது. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்தச் சிரிப்பு இப்போது போன இடம் தெரியவில்லை. தெரு கூடி நின்றபோது அப்பா உண்மையைப் போட்டு உடைத்தார். "இத்த வெச்சவனே நான்தான்பா. செவுத்துல ஒண்ணுக்குப் போய்க்கினு இருந்தானுங்க, அதுக்கோசரம் மஞ்ச பூசினேன். சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். பச்சையப்பன் மாமா, கோபமே இல்லாமல், பாவப்பட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உன் கையால பூச வெச்சது யாருப்பா?"

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? இன்றுவரை எனக்கும் அதற்கு ஒரு பதில் கிடைக்கவில்லை.

அப்பா நகராட்சி அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தார். வந்தவர் குடையைப் பிடித்தபடி தூரத்திலிருந்தே சூலத்தைப் பார்த்தார். கோயில் மரமா, ஊருக்குள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் பேசியது. பேசிப் பேசி, பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து மரத்தடியில் போடுவார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. குழந்தைக்கு வேறு எங்கும் போகவில்லை, என்னையே கூப்பிட்டார்கள். நான் எடுத்த பொட்டலத்தில் செம்பருத்தி இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் நிற்பதா விழுவதா என்பதை என் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொழந்த இன்னா பண்ணும்" என்று அவர்களே என்னைத் தேற்றியதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

தூறல் வலுத்தது. சுவர் இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. அப்பாவுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. யாரிடமோ ஓர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, சாய்ந்த மரத்தின்மேல் ஏறிவிட்டார். ஆட்டோ ஓட்டத் தெரிந்த மனிதர், மரம் ஏறத் தெரியாது. இடுப்பில் கயிறு இல்லை. மரமோ பாதி வேரில் நிற்கிறது, பட்டையெல்லாம் மழையில் வழுக்குகிறது. தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது, ஒருவரும் கயிறு பிடிக்க வரவில்லை. அப்பா மேல்கிளையில் முதல் வெட்டு வைத்தபோது அடியில் வேர் ஒன்று படீரென்று அறுந்தது. மரம் ஒரு முழம் கீழே இறங்கியது. அப்பா கிளையைக் கட்டிக்கொண்டார். அரிவாள் ஓட்டின்மேல் விழுந்து உருண்டது. அரிவாள் போனதும் வெறும் கையால் கிளையை முறித்தாவது தீருவேன் என்று அவர் இன்னும் மேலே நகர்ந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அழுதேன். மாமா கூப்பிட்டார், கன்னியப்பன் கூப்பிட்டார். அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை.

என் அம்மா அதிர்ந்து பேசாதவள். அப்பாவை "இந்தாங்க" என்பதைத் தவிர வேறு சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அவள் குரல் சரியாகத் தெரியாது. அந்த அம்மா தறிக்கூடத்து வாசலில் நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்தது. உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. மழைக்குள் நடந்துபோய் மரத்தடியில் நின்று, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினாள்.

"எறங்குடா கீழ! என் மேல ஏற நீ யாருடா? வெட்டத் தெரிஞ்சவன் வந்து வெட்டட்டும். நான் எங்கியும் போவல, இங்கியேதான் இருப்பேன். நீ எறங்குடா!"

தெரு மொத்தமும் கைகூப்பியது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள், மழையில் அது அணைந்து அணைந்து எரிந்தது. அப்பா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கினார். இறங்கியவர், தானே மஞ்சள் பூசிக் கொண்டுவந்த சாமி என்று அம்மாவின் காலில் விழுந்தார். கன்னியப்பன் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கோடரிக்குக் குங்குமம் வைத்தார். நுனியிலிருந்து ஒவ்வொரு கிளையாகக் கயிற்றில் கட்டி, அறுத்து, அலுங்காமல் இறக்கினார்கள். கயிறு பிடிக்க இப்போது இடமில்லாத அளவுக்குக் கை நீண்டது. இதே கைகள் முன்பு எங்கே இருந்தன என்று கேட்க எனக்கு அப்போது வயது போதவில்லை. இருட்டுவதற்குள் மரம் இல்லை, சுவர் நின்றது.

நான் வளர்ந்த பிறகு அம்மாவைக் கேட்டேன், அன்றைக்கு நிஜமாகவே சாமி வந்ததா என்று. அம்மா முறத்திலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "உங்கப்பா எறங்குனாரா இல்லியா? அத்த வுடு."

"இங்கியேதான் இருப்பேன்" என்று அம்மா வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைத் தெரு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மரம் நின்ற இடத்தில் சிமெண்டில் ஒரு கோயில் எழும்பியது. இப்போது டைல்ஸ் ஒட்டி, கிரில் கேட் போட்டு, பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆடி மாதம் ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டப்படும். நிழல் இல்லை, பட்டு இழை முடிய ஒரு கிளை இல்லை. கோயிலுக்குப் பின்புறம், எங்கள் சுவர் ஓரமாக, பழையபடியே நாற்றமடிக்கிறது. அப்பாவின் மூளைக்கு இதுதான் கடைசியில் கிடைத்த மரியாதை.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுத் தென்னை பாதியில் முறிந்து, பின்னாளில் நாங்கள் எழுப்பிய மாடியின் தகரக் கொட்டகைமேல் கொண்டையோடு வந்து மாட்டிக்கொண்டது. நான் போனில் ஆளைப் பிடித்தேன், நாளைக்குத்தான் மிஷினோடு வர முடியும் என்றார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா அரிவாளோடு தகரத்தின்மேல் நிற்கிறார். எழுபது தாண்டிய மனிதர். தகரம் அவர் காலுக்குக் கீழே நெளிந்து நெளிந்து சத்தம் போட்டது. இறங்குப்பா, இறங்குப்பா என்று தொண்டை வறளக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். அவர் ஒவ்வொரு மட்டையாக வெட்டித் தள்ளிக்கொண்டேயிருந்தார். நடுவில் ஒருமுறை மட்டும் கையை நிறுத்திவிட்டு, கீழே வாசற்படியை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இத்தனை பேர் கத்துகிறோமே, காதில் விழவில்லையா என்று அவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அரிவாளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வுழுந்துதும்மா. சொல்ற ஆளு சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்."