கீரைன்னே இருக்கட்டும்

போன வாரம் என் மகள் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். குழந்தையின் கழுத்தில் சிவப்பும் கறுப்புமாக ஒரு மணிச்சரம் கிடந்தது. ஒகேனக்கல் போன இடத்தில் வாங்கியதாம். பிளாஸ்டிக் சாமான் எதுவும் பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பு. மரச் சொப்பு, துணிப் பொம்மை, இப்படித்தான் வாங்குவாள். "காட்டு வெதைம்மா, சாயம்கூடப் பூசல" என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை. குழந்தை அந்தச் சரத்தைப் பிடித்து ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் இருந்தால் ஐந்தாவதாகச் சுவரோரம் நிற்கிறவள். அன்று மட்டும் எப்படிக் கை நீண்டதோ தெரியவில்லை, சரத்தை இழுத்து அறுத்துவிட்டேன். மணிகள் தரையெல்லாம் ஓடின. குழந்தை வீறிட்டது. மகள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு மணி விடாமல் பொறுக்கிச் சேர்த்து, ஒன்றை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஊசி போன துளை. என் சின்னம்மாவின் வாழ்க்கை முழுவதும் அப்படி ஒரு துளைக்குள் போய்விட்டது.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையில் இருக்கிறது. மாதா கோயிலை ஒட்டி எங்கள் ஆட்களின் வீடுகள். அப்பாவும் அவருடைய தம்பியும் ஒரே வாசலில் இருந்தார்கள், அடுப்பு மட்டும் தனித்தனி. அறுபதுகளின் நடுவில் மழை இல்லாமல் போன வருஷங்களில் சித்தப்பா கட்டட வேலைக்கு பெங்களூருக்குப் போய்விட்டார். சின்னம்மாவும் பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கிற வயதில் இருந்த அவள் பிள்ளையும் ஊரில் இருந்தார்கள். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். சின்னம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சோளத்தட்டையை உரித்து அவனுக்கு வண்டி செய்வாள். கொட்டாங்குச்சியில் தராசு, பனையோலையில் கிலுகிலுப்பை. கிழிந்த சேலையை மடித்துத் தைத்து அவனுக்குப் படுக்கை. அரிசி கழுவிய தண்ணீர் வெள்ளாட்டுக்கு, அடுப்புச் சாம்பல் அவரைப் பந்தலுக்கு. அவள் வீட்டிலிருந்து வெளியே கொட்டுகிற குப்பை என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. இதை யாரும் அப்போது பெரிதாக எண்ணவில்லை. இல்லாத வீட்டில் அப்படித்தான் நடக்கும்.

சாப்பாடும் அப்படித்தான். கேழ்வரகுக் களி ஒரு வேளை கிண்டினால் இரண்டு வேளைக்கு. தொட்டுக்கொள்ள ஓடையோரம் போய்ப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை என்று கிடைத்ததைக் கிள்ளி வந்து, பூண்டும் மிளகாயும் வைத்துக் கடைவாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய் ஒரு உருண்டை வாங்கித் தின்றுவிட்டு வருவேன். "உங்கம்மா சோறு போடலியா, என்ற வூட்டுக்கு வரே?" என்று கேட்டுக்கொண்டே உருட்டிக் கொடுப்பாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் புதுத்துணி இல்லை. சின்னம்மா கோயில் குடிலைச் சோளத்தட்டையில் கட்டினாள். களிமண்ணில் ஆடு மாடு செய்தாள். ஓட்டுச் சில்லுகளில் கேழ்வரகை முளைக்கவிட்டுக் குடிலைச் சுற்றிப் பச்சையாக வைத்தாள். அதெல்லாம் முடிந்தும் மனசு ஆறாமல், பிள்ளைகள் வெறுங்கழுத்தோடு பூசைக்கு வரக்கூடாது என்று குன்றிமணி பறிக்கக் கிளம்பினாள். முற்றிக் காய்ந்த குன்றிமணியில் ஊசி இறங்காது, கல் மாதிரி இருக்கும். நெற்று வெடிக்கிற பக்குவத்துக்குச் சற்று முன்பே பறிக்க வேண்டும். அப்போது விதையின் நிறம் ஏறியிருக்கும், தோல் இளசாக இருக்கும். ஊசியைச் செலுத்தித் துளையிட்டு நிழலில் உலர்த்தினால், துளையோடு இறுகிவிடும். அவள் ஒவ்வொன்றாகக் குத்துவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சரம். எனக்கு ஒன்று. தம்பிக்கு மட்டும் இரட்டைச் சரம். பூசையில் உபதேசியார்கூடத் திரும்பிப் பார்த்து, "சின்னப் பொண்ணுங்க எல்லாம் ராணி மாதிரி இருக்கிறீங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் மதியம் தம்பியின் சரம் அறுந்து கிடந்தது. சின்னம்மா மணிகளைப் பொறுக்கினாள். சில குறைந்தன. அவன் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். என் அம்மா வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முழுங்கிட்டான் போலிருக்குது."

"குந்துமணிதான? நாளைக்குக் காலையில அப்படியே வந்துரும் போ. என்ற வூட்டுக்காரருகூடச் சின்னதுல ஒரு பிடி முழுங்கினாராம். இப்ப பாரு, எம்மேல எகிறிக்கிட்டு நிக்கறாரு" என்று அம்மா சிரித்தாள். சின்னம்மாவும் சிரித்துவிட்டாள்.

அம்மா சொன்னது பொய் இல்லை. எங்கள் பக்கம் குன்றிமணி முழுங்காத பிள்ளை கிடையாது. அது அப்படியே வெளியே வந்துவிடும், கழுவிவிட்டுத் திரும்ப விளையாடுவோம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அன்று மாலை சின்னம்மா ஓடையோரம் கிள்ளிய கீரையைக் கடைந்து களியோடு தம்பிக்கு ஊட்டினாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது.

விடிந்தபோது தம்பி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு பேதி. வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்கள். மாதுளம் தோலைக் கொதிக்கவைத்துப் புகட்டினார்கள். குடித்ததெல்லாம் திரும்பி வந்தது. அடுத்த நாள் பேதியில் ரத்தம் கண்டது. அப்பா மாட்டைப் பூட்டி பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள், தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் டாக்டர், பிள்ளை என்ன தின்றது என்று கேட்டார். "கீரைங்க, களிங்க" என்றாள் சின்னம்மா. வேறென்ன என்று கேட்டார். வேறெதுவும் இல்லை என்றாள். அவளுக்கு வேறெதுவும் நினைவு வரவில்லை. குன்றிமணி தின்கிற பொருள் இல்லையே. தம்பியின் கண் குழிந்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுவதற்குச் சத்தமும் இல்லை. மறுநாள் காலை அதே வண்டியில் அவனைத் துணியால் மூடிக் கொண்டுவந்தோம். குடிலைச் சுற்றி அவள் முளைக்கவிட்ட கேழ்வரகு அப்போதும் பச்சையாகவே நின்றது.

சித்தப்பா வந்து சேர்வதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓடையோரம் கண்ட தழையைக் கிள்ளிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள் என்றார்கள். நானும் அந்தக் கீரையைத் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலறிப்போய் உப்புத் தண்ணீரைக் கரைத்து என் வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைத்தாள். அதற்குள் பல நாள் ஆகியிருந்தது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

சித்தப்பா கல்லறைக்குப் போய்விட்டு வந்த அன்று, சின்னம்மா அதே ஓடையோரம் போய் அதே கீரையைக் கிள்ளி வந்து கடைந்தாள். சட்டியை வாசல் நடுவில் வைத்து, வெறும் கீரையை அள்ளி அள்ளித் தின்றாள். தெருவே நின்று பார்த்தது. கன்னமெல்லாம் பச்சையாக ஒழுக, "பாருங்க, நல்லாப் பாருங்க, எனக்கு என்னா ஆவுதுன்னு பாருங்க" என்று கத்தினாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை.

"பெரிய வவுறு தாங்கும். பச்சப் புள்ள வவுறு தாங்குமா?" என்றார் சித்தப்பா. எழுந்து வந்து எங்கள் வீட்டில் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பேசியதைவிட அப்படி வந்து உட்கார்ந்ததுதான் அவளை அடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் சில நாள் அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் கீரைக்காக வாதாடினாள். கோயில் படியில் நின்று சாமியாரிடம் சொன்னாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சண்டை போட்டாள். பிறகு ஒரு நாள் திடீரென்று அடங்கிவிட்டாள். அன்று அவள் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் கழுத்தில் கிடந்த சரங்களைக் கேட்டு வாங்கினாள். மாதாவுக்குச் சாத்தப்போவதாகச் சொன்னாள். என்னுடையதைக் கழற்ற எனக்கு மனமில்லை. "குடு கண்ணு, குடுத்துரு" என்று என் முன்னால் மண்டியிட்டாள். கொடுத்துவிட்டு அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கழுத்தில் சரம் எதுவும் இல்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் யார் கீரையைப் பற்றி என்ன சொன்னாலும் அவள் பதில் பேசியதில்லை. பொம்மை, பின்னல், தையல் எதையும் தொட்டதும் இல்லை.

சித்தப்பா பெங்களூர் போனவர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார், எங்கள் அடுப்பில் சாப்பிடுவார், போய்விடுவார். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடப் பெண்கள் யோசித்தார்கள். என்னை அந்தப் பக்கம் போகவிடாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். சின்னம்மா தினமும் கீரை கிள்ளினாள், தினமும் கடைந்தாள், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. எழுபதுகளின் கடைசியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே வந்துபோகிற நர்சம்மா ஒரு நாள் ஒரு பிள்ளையின் கையில் குன்றிமணிக் காப்பைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினார். "முழுசா முழுங்கினா தோல் கெட்டி, பெரும்பாலும் வெளிய வந்துரும். அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. தொளை போட்டதுன்னா உள்ள இருக்கற விஷம் நேரா வயித்துல எறங்கும். வாந்தி, ரத்தபேதி, அவ்வளவுதான்" என்றார். நான் கையிலிருந்த மாவுச் சட்டியைக் கீழே வைத்தேன்.

அன்று மாலையே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கீரை மேல் விழுந்த பழியை நான் எடுத்துவிடப்போகிறேன் என்ற நினைப்பு. மணியைக் கோத்தது யார் என்பது வரை என் யோசனை போகவில்லை. சின்னம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை இழுத்து, கொட்டையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன்.

"சின்னம்மா, தம்பிக்கு வந்தது கீரையால இல்ல. நர்சம்மா சொன்னாங்க. அந்த மணி..."

"தொளை போட்டதாலதான?" என்றாள். அவள் கை நிற்கவில்லை.

அவளே சொன்னாள். "படுக்கைச் சேலையை அலசறப்ப மடிப்புல ஒரு மணி சிக்கியிருந்துது. தொளை போட்ட எடத்துல ரெண்டா பொளந்து, உள்ள பருப்பு இல்லாம. முழுசா முழுங்கற புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான இருக்குதுங்க, இவனுக்கு மட்டும் ஏன்னு ரோசனை பண்ணேன். எல்லாச் சரத்தையும் வாங்கியாந்து அடுப்புல போட்டேன். ஒண்ணொண்ணா வெடிச்சுது."

"அப்புறம் ஏன் இவங்க கீரை கீரைன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருந்தே?"

"கீரைன்னே இருக்கட்டும் கண்ணு. கீரை தானா மொளைச்சது. மணி நான் உக்காந்து கோத்தது." இன்னொரு புளியை எடுத்து ஓட்டை உடைத்தாள். "காலையில வந்துரும்னு உங்கம்மா வேற சிரிச்சா. அவ காதுக்கும் போவ வேணாம்."

உள்ளே அடுப்பில் சட்டி கொதிப்பது தெரிந்தது. பூண்டு வாசம் வாசல் வரை வந்தது. "எனக்கு ஒரு உருண்டை போடு சின்னம்மா, கீரை வெச்சுக் குடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கீரை இல்ல" என்றாள். "பஸ்ஸு போயிரும், கெளம்பு."

சின்னம்மா செத்துச் சில வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒரு கிழவி, தம்பி பிறக்கும் முன்பே ஊரை விட்டுப் போனவள், பக்கத்தில் இருந்தவளிடம் "கீரை போட்டுப் புள்ளையக் கொன்னவதான இவ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சின்னம்மா கேட்டுக்கொண்டபடியே நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் எதுவும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள். இனி இதை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது என்றிருந்தேன்.

போன வாரம் மகளிடம் சொன்னேன். சொல்லாமல் அந்தச் சரத்தை ஏன் அறுத்தேன் என்று விளங்கவைக்க முடியவில்லை. இன்னொரு கடையில் இன்னொரு சரம் தொங்கும், அதையும் அவள் வாங்குவாள். இப்போது எழுதுவதும் அதற்காகத்தான். சின்னம்மா கேட்டது ஒன்று, நான் செய்தது ஒன்று.

என் வீட்டில் இப்போது கேஸ் அடுப்புதான். குப்பையில் போட்டால் எந்தப் பிள்ளையாவது பொறுக்கும் என்று, பின்பக்கம் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்து மணிகளைப் போட்டேன். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். "அந்தச் சின்னம்மா ஆயா வெக்கற கீரை நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றேன்.

அடுப்பில் மணிகள் ஒன்றொன்றாக வெடிக்கத் தொடங்கின.