பாவ் சுன்னும் லூ நாட்டு ஆட்டுக்குட்டியும்

எங்கள் ஐவர் குழுவுக்குத் தலைவர் பாவ் சுன். சீ நாட்டுப் படையில் அவரைவிட வாய் நீளமான ஆளை நான் பார்த்ததில்லை. செருப்பு வார் அறுந்தாலும் திட்டுவார், திட்டிக்கொண்டே தைத்தும் கொடுப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் எதிரியான லூ நாட்டுக்குள் படையோடு நுழைந்தபோது, வழிதவறி நின்ற ஓர் ஆட்டுக்குட்டிக்குத் தன் பங்குத் தினையில் ஒரு பிடி போட்டார். மறுநாள் காலை விழித்துப் பார்த்தால், அது அவர் காலடியில் படுத்திருந்தது.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. எதிரி ஊரின் மரத்தை வெட்டக் கூடாது, கால்நடையைத் தொடக் கூடாது என்பது படை ஒழுங்கு. மீறினால் தலை போகும். ஒருவன் தப்புக்கு ஐவரும் பொறுப்பு.

"அண்ணே, அடிச்சுத் தின்னுட்டா ஒரு தடயமும் இருக்காது" என்றான் எங்கள் ஐவரில் ஒருவனான குவோ. அவனுக்கு எப்போதும் பசிதான்.

"இதுவரைக்கும் அதுவா வந்துச்சு. வெட்டுனா நாம திருடுனதா ஆயிடும்டா, தீனிப்பண்டாரம்" என்றார் பாவ் சுன்.

குட்டியை ஊருக்குள் போய்த் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, தோல் கவசத்தைக் கழற்றி ஈட்டியோடு என்னிடம் கொடுத்தார்.

"வெறுங்கையோடவா போறீங்க? கொன்னுருவாங்கண்ணே" என்றேன்.

"சண்டைக்கு வராதவன எதிரியா பாக்காதேன்னு நமக்குச் சொல்லியிருக்காங்கல்ல? அவங்களுக்கும் யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். உச்சிவேளையில் மூன்று முறை முரசு அடிக்கும்; மூன்றாவதற்குள் திரும்பாவிட்டால் ஓடிப்போனவர் என்று எழுதிவிடுவார்கள்.

முதல் முரசு அடித்தது. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதற்குள் பாவ் சுன் நெற்றி வீங்கி, மூச்சு வாங்க வந்து வரிசையில் நின்றார்.

நூற்றுவர் தலைவர் அவர் நெற்றியைப் பார்த்தார். "விழுந்துட்டாருங்க" என்றேன் நான்.

"இல்லீங்க, ஆட்டுக்காரம்மா அடிச்சாங்க" என்று பாவ் சுன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பொய் மட்டும் அந்த வாயில் வராது.

"அப்புறம் என்ன பண்ணினா?"

"ஆட்டை எண்ணிப் பாத்தாங்க. கணக்கு சரியா இருந்துச்சு. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க."

நூற்றுவர் தலைவர் தீர்ப்புச் சொன்னார். கால்நடையைத் திருப்பிக் கொடுத்ததால் தலை தப்பியது. அனுமதியில்லாமல் பாசறையை விட்டுப் போனதற்குத் தலைமை பறிபோனது. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலை ஓடைக்கரையில் நின்றோம். தண்ணீர் குடிக்கக் குழுத்தலைவன் உத்தரவு கொடுக்க வேண்டும். நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் பாவ் சுன்னைப் பார்த்து, "அண்ணே, குடிக்கலாமா?" என்றேன்.