சித்தப்பா ஊதாத விசில்

சித்தப்பாவின் பித்தளை விசில் இப்போது என் பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விசிலுக்கு அங்கே என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அது ஒருநாள் ஊதாமல் இருந்ததால்தான் என் கழுத்தில் தாலி ஏறியது என்பேன்.

சித்தப்பா, கடல் தாண்டிய இந்த ஊரில் ரயில் கார்டு. அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தன்னோடு வைத்துக்கொண்டவர். ரயிலைக் கிளப்பும் அதே விசிலை ஊதித்தான் எங்களையும் கோயிலுக்கும், காய்கறி வாங்கப் பாசாருக்கும் கிளப்புவார். நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல அவரிடம் விதவிதமான பேச்சு உண்டு. "நேரமாச்சு" என்றால் இன்னொரு வாய் காப்பி குடிக்கலாம். "நேரம் ஓடுது" என்றால் பின்னலைப் பாதியில் முடிந்துகொண்டு எழுந்துவிட வேண்டும். "கைமீறிப் போச்சு" என்றால் ஆள் வாசலில் செருப்பு மாட்டிவிட்டார் என்று பொருள். அதற்குமேல் விசில்தான், அவர்பாட்டுக்கு நடந்துவிடுவார். அப்பப்பா, அந்த மனிதரோடு ஒரு நாளாவது நிதானமாகத் தலைவாரியிருப்பேனா!

என் கல்யாணத்தன்று, கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டிய ரயில் வரவில்லை. ராத்திரி மழையில் தண்டவாளத்தின்மேல் மரம் சாய்ந்துவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னான். ஒன்பது மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். இதை விட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குள் ஆடி பிறந்துவிடும். "முகூர்த்தம் தப்பினா பொண்ணு ராசியில்லாதவன்னு சொல்லிருவாங்களே" என்று அம்மா அழுதாள். பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதை யாரிடம் சொல்வது?

மணி ஒன்பதைத் தாண்டியது. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். "கைமீறிப் போச்சு" வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ குருக்களிடம், "சாமி, உங்க பஞ்சாங்கம் எங்க அச்சடிச்சது?" என்று கேட்டார்.

"கும்பகோணம். கப்பல்ல வந்தது."

"அப்ப அதுல போட்டிருக்கிறது கும்பகோணத்து ஒன்பது மணியில்ல? சூரியன் இங்க உதிச்சுட்டுத்தான் அங்க போகுது. அங்க இப்பத்தான் பல்லு விளக்கிக்கிட்டிருப்பாங்க. நேரம் கிடக்கு சாமி."

இத்தனை வருஷமாக ஊர்ப் பஞ்சாங்கத்து மணியை இங்குள்ள கடிகாரத்தில் பார்த்துத்தான் நாங்கள் ராகுகாலம்கூடத் தள்ளிவந்தோம். ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "அப்படியும் வச்சுக்கலாம்தான்" என்றார்.

ஒருவழியாக ரயில் வந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியெல்லாம் சேறு. மரத்தை இழுக்க அவரும் இறங்கியிருக்கிறார்! அந்தச் சேற்றோடுதான் தாலி கட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்தக் கணக்கு சரிதானா சித்தப்பா?" என்று பின்னால் கேட்டேன். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்? உன் மூஞ்சியப் பாத்தேன். ஊதறதுக்கு மனசு வரல" என்றார்.

இன்று மகள் வீட்டுக்குப் போகக் கிள்ளான் ரயிலைப் பிடிக்க வேண்டும். "நேரம் ஓடுது, நேரம் ஓடுது" என்று வாசலில் நின்று கத்துகிறார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அத்தனை பேரையும் காக்க வைத்த அதே மனிதர்! விசிலைத் துடைத்துச் சிமிழுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

"நேரம் கிடக்கு, வரேன்."