அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்

தங்கச்சிமடத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் நாங்கள் ஜோடி ஜோடியாகத்தான் முங்குவோம். ஒருத்தி அடியில் இருக்கும்போது இன்னொருத்தி மேலே கவனித்துக்கொள்வாள். ஜோடி இல்லாதவளை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு ஜோடி என் கூடப்பிறந்த அக்கா.

வலது மார்பில் புற்றுநோய் வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தபோதும் அவள்தான் துணைக்கு இருந்தாள். கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடித்து, உடம்பு தேறி, ஏழாம் மாதம் மறுபடி கடலில் இறங்கினேன். பாறை விரலைக் கீறியது. அது எங்களுக்குப் புதிதா என்ன? கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

முதலில் கை கனத்தது. பிறகு ரவிக்கையில் வலது கை மட்டும் இறுக்கியது, வளையல் கழலவில்லை. அக்காவிடம் காட்டினேன்.

"சதை போடுதுடி, நல்லதுதானே" என்றாள்.

ஒரு கையில் மட்டுமா சதை போடும்? கேட்கத் தோன்றவில்லை எனக்கு, மடச்சி. உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவளே ஒத்தடம் கொடுத்தாள். அந்தப் பாசத்தில் உருகிப்போனேன்.

ஒரு கீறல் சீழ் வைத்தது. காய்ச்சலோடு கை தோள்வரை சிவந்து வீங்கியது. மதுரைக்கு ஓடினோம். பழைய நர்ஸ்தான் இருந்தார். கையைப் பார்த்ததும் கத்தினார்.

"அக்குள்ல இருந்த நெறிக்கட்டியை எடுத்தாச்சு, கரண்டும் வச்சாச்சு. கையில ஊறுற நீர் வடிய வழி குறைஞ்சிருச்சு. காயம் படக்கூடாது, சூடு வைக்கக்கூடாது, கை கனத்தா உடனே வாங்கன்னு உங்க அக்காகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கடலுக்கு வந்திருப்பியா? நான் யாரோடடி முங்குறது?"

அடிப்பாவி! நோய் என் மார்பை எடுத்தது, அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

கட்டுப்போட்டு வீக்கத்தைக் குறைத்து வைக்கலாம், முழுசாகப் போகாது என்றார் டாக்டர். பாறையில் கை வைத்துப் பாசி பறிக்கும் பிழைப்பு எனக்கு அன்றோடு முடிந்தது.

எட்டு நாள் கழித்துக் கட்டோடு கரைக்குப் போனேன். அக்கா வள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி.

எட்டே நாளில் அவளுக்கு ஜோடி கிடைத்துவிட்டது.