கை இறங்கினால் முடிந்தது

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் ஒரு மொழியின் இலக்கணத்தைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்படிதான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மொழிக்கு எழுத்தும் கிடையாது, ஓசையும் கிடையாது. அதைப் பேசுகிற நாற்பது பேரில் வேறு யாரும் எழுதப்போவதாகத் தெரியவில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் இருக்கிறேன். தகட்டை அச்சில் வைத்து அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் இடம். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அதனால் கையால் பேசுவோம். யார் தொடங்கியது என்று தெரியாது. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோதே அது இருந்தது.

மூடிய கை நெஞ்சுக்கு நேரே இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. இடுப்புக்கு இறங்கினால் முடிந்தது. கேள்வி என்றால் புருவத்தைத் தூக்க வேண்டும். பதில் நெஞ்சிலோ இடுப்பிலோ வரும். 'தெரியாது' என்பதற்குச் சைகை இல்லை. அச்சுக்குள் கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா. ஆட்களுக்குப் பெயரும் உண்டு. வயிற்றைத் தடவினால் சூப்பர்வைசர்.

வட்டார வழக்கும் உண்டு. வெல்டிங் ஆட்கள் தடித்த கையுறையோடு பேசிப் பழகியவர்கள், முழங்கையைத்தான் ஆட்டுவார்கள். எங்களுக்குப் பாதிதான் புரியும்.

தளியிலிருந்து ஒருவர் என் பிரஸ்ஸில் எதிர்ப்பக்கம் நிற்கப் புதிதாக வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். காதில் கடுக்கன் போட்டிருந்ததால் காதைத் தொட்டால் அவர். முன்பு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தாராம். அங்கேயும் கையால்தான் பேச்சு. ஆனால் அங்கே கையை இறக்கினால் 'பொறு' என்று அர்த்தம். இது டீ நேரத்தில்தான் தெரிந்தது. போண்டா வேண்டுமா என்று ஒருவர் சைகையில் கேட்டார், இவர் கையை இறக்கினார், தட்டு இவரைத் தாண்டிப் போய்விட்டது.

"அண்ணா, இருங்கன்னுதானே சொன்னேன்? எனக்கு எங்க?"

"நீ தின்னாச்சுன்னு சொன்னியேப்பா."

"ஆளு வந்துட்டாரு, கை மட்டும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல நிக்குது" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் எதிரே போய் நிற்கக் கூச்சம். போகப்போகப் பழகிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலை ஷிப்டில் அவர் இடது கையை இறக்கினார். வலது கை அச்சுக்குப் பின்னால் இருந்தது, என் பக்கத்திலிருந்து தெரியாது. நான் அச்சை இறக்கும் பெடலை மிதித்தேன். அவருக்கு இரண்டு விரல்கள் போயின.

தவறான சைகை காட்டியது அவருடைய கவனக்குறைவு என்று முடிவானால் அவருக்கு அங்கே வேலை இல்லை. "அவர் சைகை வேற மாதிரின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று விசாரணையில் கேட்டார்கள். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். முடிவு சொல்ல இரண்டு வாரம் தள்ளி ஒரு நாள் குறித்தார்கள்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு மூன்றாம் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். கடைசியில் ஒரு மதியம் கண் விழித்தபோது, மனைவி கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை மூடி நெஞ்சுக்கு நேரே இருந்தது. மெதுவாக இடுப்புக்கு இறங்கியது. அவள் தொழிற்சாலை வாசலைக்கூடப் பார்த்ததில்லை. இந்த மொழியைப் பற்றி நான் வீட்டில் சொன்னதும் இல்லை.

"என்ன பண்ற?"

"தூக்கத்துல நீங்க கையால கேக்குறீங்க, நான் பதில் சொல்றேன். பத்து நாளா நடக்குது. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. கையப் புடிச்சுப் பாத்தேன், நிக்கல. திருப்பிக் காட்டினா நிக்குது."

"கண்ணு மூடியிருக்கும்போது நீ காட்டுறது எனக்கு எப்படித் தெரியும்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அவள் கையில் எங்கள் ஷாப்பின் வெடுக்கென்ற வேகம் இல்லை. மணிக்கட்டு தொய்ந்து, விரல்கள் பாதி மூடி, படுத்திருப்பவன் பேசுகிற மாதிரி இருந்தது. என் தூக்கத்தின் வழக்கு அது. அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பிறகு வலது கையில் இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை.

"இது யாரு?" என்றாள். "தெனமும் இவரத்தான் கூப்பிடுறீங்க."

ஷாப்பில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அந்த நாளுக்குப் பிறகு யாரும் காதைத் தொடவும் இல்லை. என் கை எனக்குத் தெரியாமலே அவருக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறது.

"நேத்து நானா ஒண்ணு கேட்டேன். இவரக் காட்டி, நெத்தியத் தொட்டேன். இவரப் பத்தி எதாவது தெரியுமான்னு."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் கையை இடுப்புக்கு இறக்கினாள்.

தளிக்காரரின் வழக்கில் அது 'பொறு'. எங்கள் வழக்கில் 'ஆச்சு', அதாவது தெரியும். எந்த வழக்கில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் சோறு போடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு எப்போது என்று மட்டும் கேட்டாள். நாளைக்கு என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். அவர் சைகை வேறு என்பது எனக்கு முன்பே தெரியும் என்றேன். பழைய தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.